வரவு செலவுத் திட்டத்துக்குப் பிள்ளைகள் நலன் பற்றிய மகஜர்: கோயிலும் தேவாலயமும் சேர்ந்து கொடுத்தால் எடுபடுமா?

பிறை_செயலாளர் எழுதியது:

வணக்கம். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை வட்டாரத்தில் ஒரு கோயில், ஒரு தேவாலயம், ஒரு குருத்துவாரா மூன்றும் சேர்ந்து, ஏழைக் குடும்பப் பிள்ளைகள் பற்றி அரசாங்கத்துக்கு மகஜர் (கோரிக்கை மனு) கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது. இப்போதைய வரைவு எட்டுப் பக்கம். சத்துணவு, பாலர் பள்ளிக் கட்டணம், பிறப்புப் பத்திரச் சிக்கல், போதைப்பொருள், சமூக நல இலாகாவில் ஆள் பற்றாக்குறை, கடைசிப் பக்கத்தில் கோயில் மண்டப விரிவாக்கத்துக்கு மானியம். அக்டோபரில் பட்ஜெட் தாக்கலாவதற்கு ஒரு வாரம் முன்னால் பத்திரிகைக்காரர்களை அழைத்துக் கொடுத்தால் போதும் என்று நிர்வாகத்தில் சிலர் சொல்கிறார்கள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: யாரிடம், எந்த மாதத்தில் கொடுப்பது? எட்டுப் பக்கம் அதிகமா? சங்கப் பதிவுள்ள கோயில் இதில் இறங்கினால் பதிவுக்குப் பிரச்சினை வருமா?

---

வரவுசெலவு எழுதியது:

முதல் வேலையாக மண்டப மானியத்தை எடுத்துவிடுங்கள். அது இருக்கிற வரைக்கும் உங்கள் மகஜர் பிள்ளைகள் பற்றியது அல்ல. வாங்குகிற அதிகாரி கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வழிபாட்டுத் தல நிதிக் கோப்பில் போட்டுவிடுவார். மீதி ஏழு பக்கமும் அதோடு போகும்.

அக்டோபருக்கு ஒரு வாரம் முன்னால் கொடுப்பது பந்தி தொடங்கிய பிறகு அடுப்படிக்குப் போய் உப்பு கேட்பது மாதிரி. 2025-க்கான பட்ஜெட் 18 அக்டோபர் 2024-லும், 2026-க்கானது 10 அக்டோபர் 2025-லும் தாக்கலாயின. அமைச்சுகள் தங்கள் கோரிக்கையை ஆண்டின் முற்பகுதியிலேயே நிதியமைச்சுக்கு அனுப்பிவிடும், ஆண்டின் நடுவில் வெட்டிக் குறைப்பார்கள். ஆகவே மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சுக்குக் கடிதம் போக வேண்டியது ஜனவரி, பிப்ரவரியில். தாக்கலுக்கு முன் நிதியமைச்சு பொதுமக்கள் கருத்துக்கு இணையத்தளத்தைத் திறக்கும்போது அதே கோரிக்கையை அங்கேயும் போடுங்கள். பினாங்கு மாநில பட்ஜெட் பெரும்பாலும் நவம்பரில் சட்டமன்றத்துக்கு வரும். சமூக நலத்துக்குப் பொறுப்பான மாநில ஆட்சிக்குழு உறுப்பினரை ஆகஸ்டுக்குள் பார்த்துவிடுவது நல்லது. சமூக நலனும் பிள்ளைகள் பாதுகாப்பும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில், மத்தி, மாநிலம் இரண்டுக்கும் பொறுப்புள்ள பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்திய அரசைக் கேள் என்று மாநிலமும் மாநிலத்தைக் கேள் என்று மத்தியும் கை காட்டும். எது யாருடைய பணம் என்று தெரிந்துகொண்டு போங்கள். பள்ளிக் கல்வி மத்திய அரசின் கையில்.

பக்கக் கணக்கை விட, எத்தனை கோரிக்கை என்பதுதான் முக்கியம். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. செலவு மதிப்பீட்டு நூல் நிதியமைச்சின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் ஒவ்வொரு வகைச் செலவுக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு: 10000 சம்பளம், 20000 சேவையும் பொருளும், 30000 சொத்து, 40000 மானியமும் நிலையான கொடுப்பனவும். குடும்பத்துக்குப் போகிற உதவிப்பணம் 40000-இல் வரும். "நல இலாகாவுக்கு இன்னும் ஆள் வேண்டும்" என்பது 10000. புதிய பதவிக்குப் பொதுச் சேவை இலாகாவின் அனுமதி வேண்டும், ஒரே ஆண்டில் நடக்காது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால் எளிதில் முடிகிறதும் கடினமானதோடு சேர்ந்து கிடப்பில் கிடக்கும்.

கோரிக்கை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். 2025 பட்ஜெட்டில் ஏழைக் குடும்பங்களுக்கான பிள்ளைகள் உதவித்தொகை உயர்ந்தது: 6 வயது வரை மாதம் 200 ரிங்கிட் 250 ஆனது, 7 முதல் 18 வயது வரை 150 ரிங்கிட் 200 ஆனது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு உச்ச வரம்பு 1,000 ரிங்கிட்டிலேயே நின்றுவிட்டது. இரண்டு சின்னப் பிள்ளை, இரண்டு பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டுக்கு 700 வந்தது 900 ஆகும். இரண்டு சின்னது, நான்கு பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டைப் பாருங்கள்: பழைய கணக்கில் 400-உம் 600-உம் சேர்ந்து 1,000. புதிய கணக்கில் 1,300 வர வேண்டும், கைக்கு வருவது அதே 1,000. ஒரு காசு கூடவில்லை. "வரம்பை 1,300 ஆக்குங்கள்" என்று எழுதி இந்தக் கணக்கைக் கீழே போட்டால் அரைப் பக்கம்தான்.

சங்கப் பதிவு: மகஜர் கொடுப்பதால் பதிவு போகாது. சங்கச் சட்டவிதியில் நோக்கங்கள் பகுதியில் சமூக நலன் உண்டா என்று பாருங்கள், நிர்வாகக் கூட்டக் குறிப்பில் தீர்மானமாக ஏற்றுங்கள். சிக்கல் வருவது ஒரு கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டு படம் எடுக்கும்போதுதான். மகஜர் வாங்க எல்லாக் கட்சி உறுப்பினரையும் அழையுங்கள், வராதவர் வராமல் போகட்டும்.

---

பாகான்_அக்கா எழுதியது:

தம்பி, மேலே சொன்னதோடு கணக்கெடுப்பு பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். யுனிசெஃப் 2018-இல் வெளியிட்ட ஆய்வை எல்லாரும் வெட்டி ஒட்டுகிறார்கள்: கோலாலம்பூர் வட்டார மலிவுவிலை அடுக்குமாடிகளில் 966 குடும்பங்கள், 2,142 பிள்ளைகள், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 22 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. நல்ல ஆய்வுதான். ஆனால் பினாங்கு அதிகாரி முதலில் கேட்பது "இங்கே எத்தனை?" என்றுதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் எத்தனை பொட்டலம் சாதம் என்று ஒன்றுவிடாமல் சொல்கிற நிர்வாகத்துக்கு, அன்னதானத்துக்கு வரும் பிள்ளைகளில் ஆறு வயதுக்குக் கீழ் எத்தனை பேர் என்று தெரியாது. அதை எண்ணுங்கள். எட்டு வாரம், ஒரே கிழமை, ஒரே நேரம்.

உயரம், எடை நீங்களே அளக்காதீர்கள். குளியலறைத் தராசில் செருப்போடு நிற்க வைத்து எடுத்த எடைக்கு மதிப்பில்லை. உயரத்தில் இன்னும் மோசம்: இரண்டு வயதுக்குக் கீழ் படுக்க வைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்க வைத்து. மாற்றி அளந்தால் சுமார் 0.7 செ.மீ. வித்தியாசம் வரும், எல்லைக்கோட்டில் இருக்கிற பிள்ளை கோட்டுக்கு மேலேயோ கீழேயோ போய்விடும். அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் பிள்ளைச் சுகாதாரப் புத்தகத்தில் வளர்ச்சி வரைபடம் இருக்கும். தாய் சம்மதித்தால் கடைசிப் பதிவின் தேதி, எடை, உயரம் மூன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பெயர், மைகிட் (பிள்ளை அடையாள அட்டை) எண், படம் எதுவும் வேண்டாம்.

கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் போனால் சில நேரம் வேறு மாதிரியான சேதி காதில் விழும். பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017, பிரிவு 19-இன்படி, இத்தகைய குற்றம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதம். குருக்கள், பாதிரியார், தொண்டர் எல்லாருக்கும் பொருந்தும். "குடும்ப மானம், நாமே பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்பதற்கு இடமில்லை. தாலியான் காசிஹ் உதவித் தொலைபேசியின் 15999 எண்ணை எல்லார் கையிலும் கொடுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசக்கும். உங்கள் மூன்றில் யாராவது பிள்ளைகள் இல்லம் நடத்துகிறீர்களா? நான்கு பேருக்கு மேல் தங்கினாலே, ஏன் நான்கு பேரே தங்கினாலும், பராமரிப்பு மையச் சட்டம் 1993-இன் கீழ் பதிவு வேண்டும். பதிவில்லாத இல்லத்தை வைத்துக்கொண்டு இலாகாவிடம் கோரிக்கை வைத்தால் முதல் சந்திப்பிலேயே பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

---

ரைபிள்ரேஞ்ச் எழுதியது:

அண்ணன் சொன்ன வரம்புக் கணக்கு சரி. ஆனால் பிறையில் ஆறு பிள்ளை உள்ள குடும்பம் எத்தனை இருக்கும்? மத்திய அரசு புத்ராஜெயாவில் முடிவு செய்கிற ஒன்றுக்காக மூன்று சமயத்தாரும் ஓராண்டு அலைவதை விட, மாநிலமே கொடுக்கக்கூடியதைக் கேளுங்கள் என்பேன்.

தொடக்கப்பள்ளியில் கூடுதல் உணவுத் திட்டத்தில் தீபகற்பத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு பள்ளி நாளுக்கு 4 வெள்ளி (ரிங்கிட்). பள்ளி விடுமுறையில் அது நின்றுவிடும், பசி நிற்காது. விடுமுறையில் 50 வேலை நாள், 800 பிள்ளைகள், சாப்பாடு 5 வெள்ளி என்று வைத்தால் 2 லட்சம் வெள்ளி. மாநில பட்ஜெட்டுக்கு இது சிறு தொகை. சமையல்கூடமும் ஆளும் கோயில், லங்கார் (குருத்துவாராவின் பொதுச் சமையலறை), தேவாலயச் சமையலறை எல்லாவற்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. அரசாங்கம் அரிசி, முட்டை, காய்கறிக்கு மட்டும் கொடுத்தால் போதும். முட்டையைக் கேட்டு எழுதுங்கள், கோயிலில் சைவம்தான் என்றால் பயறும் பாலும் என்று மாற்றிப் போடுங்கள். இதைப் பேசித் தீர்க்காமல் போனால் கூட்டத்தில் அதிகாரி முன்னாலேயே தகராறு வரும்.

முன்னுதாரணம் வேண்டுமென்றால் பினாங்கிலேயே இருக்கிறது. 2012 முதல் மாநில மகளிர் மேம்பாட்டுக் கழகம் தீவு, பெருநிலம் இரண்டின் நகராண்மைக் கழகங்களோடும் சேர்ந்து, மலிவு வீடுகளில் குடியிருப்பவர்களையே கேட்டு வரவு செலவில் முன்னுரிமை முடிவு செய்கிற முயற்சியை நடத்தியது. ஜாலான் சுங்கை, அம்பாங் ஜாஜார் குடியிருப்புகள் இரண்டும் அதில் இருந்தன. "இதைப் பிள்ளைகளுக்கும் செய்யுங்கள்" என்று கேட்பது புதுசாக ஒன்றைக் கேட்பதைவிடச் சுலபம்.

பள்ளிவாசலையும் சேர்க்கப் பாருங்கள். அவை மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் கீழ் வருவதால் நிர்வாகக்குழு தானாகக் கையெழுத்திடத் தயங்கும். இந்திய முஸ்லிம் சங்கம் ஒன்றின் வழியாகப் போவது நடைமுறை. பட்டியலில் "இந்து, கிறிஸ்துவ, சீக்கியப் பிள்ளைகளுக்கு" என்று எழுதிவிடாதீர்கள். வட்டாரத்தின் எல்லாப் பிள்ளைகளும் என்று எழுதுங்கள்.

---

பிறை_செயலாளர் எழுதியது:

நன்றி. மண்டபத்தை எடுத்தாயிற்று, பொருளாளர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. விடுமுறைச் சாப்பாடு மாநிலத்துக்கு, வரம்பு மத்திக்கு, இரண்டு தனித்தனி மகஜர் என்று போகலாமா? பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளை எங்கே வைப்பது?

---

வரவுசெலவு எழுதியது:

தனித்தனியாகவே போங்கள். ஒவ்வொன்றும் இரண்டு பக்கம், மலாயில். தமிழ்ப் பிரதி பத்திரிகைக்கு.

பத்திரமில்லாத பிள்ளைகள் பட்ஜெட் விஷயமில்லை. அது உள்துறை அமைச்சு, தேசியப் பதிவு இலாகா. தத்தெடுத்துப் புதுப் பத்திரம் எடுத்தாலும் குடியுரிமை தானாக வராது, அரசியலமைப்பின் 15ஏ விதியின் கீழ், அதில் சொன்ன வயது வரம்புக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குத் தேவை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோப்பு. மகஜர் அங்கே வேலை செய்யாது.

ரைபிள்ரேஞ்ச் கேட்டது நியாயமான கேள்வி. வரம்பில் எத்தனை குடும்பம் முட்டி நிற்கிறது என்பதை நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக எழுத்துப்பூர்வக் கேள்வியாகக் கேட்டு வாங்குங்கள். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், அதனால் கேள்வியை நீங்களே மலாயில் இரண்டு வரியில் எழுதி அவர் உதவியாளரிடம் கொடுத்துவிடுங்கள். எண் சின்னதாக வந்தால் "செலவும் சின்னதுதான், செய்யுங்கள்" என்று கேட்கலாம். பெரிதாக வந்தால் சொல்லவே வேண்டாம். தாக்கலான பிறகும் விடாதீர்கள். கொள்கை விவாதம் முடிந்து குழு நிலையில் அமைச்சு அமைச்சாக எடுக்கும்போது அதே கேள்வியை அவர் எழுப்பினால் பதில் நாடாளுமன்ற விவாதப் பதிவான ஹன்சார்டில் ஏறும். அடுத்த ஜனவரிக் கடிதத்தின் முதல் வரி அந்தப் பதில்தான்.