குழந்தையை இழந்த வீட்டில் "தேவ சித்தம்" என்று சொல்வது சரியா?

நெல்லை_அக்கா

என் தங்கை மகனுக்கு நாலு வயதில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. பதினோரு மாதம் சிகிச்சை. கையில் ஊசி ஏற்றிய இடத்தில் ஒட்டும் பிளாஸ்திரியில் ஒரு நர்ஸ் பேனாவால் பூனை வரைந்து கொடுத்தார், அதிலிருந்து பிளாஸ்திரி மாற்றும்போதெல்லாம் புதுப் பூனை வேண்டும் என்று அடம்பிடிப்பான். போன ஆகஸ்டில் போய்விட்டான்.

அடக்க ஆராதனையில் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" வசனத்தை வாசித்தார்கள். அதையாவது பொறுத்துக்கொண்டோம். அப்புறம் வீட்டுக்கு வந்தவர்கள் பேசியதுதான் தாங்கவில்லை. "கர்த்தருக்கு இந்தப் பூ வேண்டியிருந்தது, பறித்துக்கொண்டார்" என்றார் ஒருவர். ஜெபக்குழுவில் மூத்தவர் ஒருவர் தங்கையைத் தனியாக உள்ளறைக்கு அழைத்துப்போய், அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று குடும்பமாக உபவாசமிருந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவள் கோயிலுக்கு வருவதில்லை. கடவுள் இல்லை என்றும் சொல்லவில்லை. "இருக்கார். நான் அவரோட பேசமாட்டேன்" என்கிறாள்.

இறையியல் படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அவர் சர்வவல்லவர், அன்பானவர், இரண்டும் உண்மையென்றால் இது ஏன் நடந்தது? ஆறுதல் வார்த்தை வேண்டாம், நிறைய கேட்டுவிட்டோம்.

செராம்பூர்_மாணவன்

அக்கா, முதலில் அந்த உள்ளறைப் பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்கு வேதத்திலேயே நேரான பதில் இருக்கிறது. பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபிடம் அவன் சிநேகிதன் பில்தாத் யோபு புத்தகத்தில் என்ன சொல்கிறான்? உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலன்தான் இது என்கிறான் (8ஆம் அதிகாரம்). உங்கள் தங்கை காதில் விழுந்ததும் கிட்டத்தட்ட அதுதான். இப்படிப் பேசியவர்களை யோபு "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்றான். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவதும் யோபு மேல் இல்லை, தம்மைத் தற்காத்துப் பேசிய அந்த சிநேகிதர்கள் மேல்தான். நீங்கள் யோபைப்போல என்னைக் குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். கடவுளிடம் வழக்காடியவன் பேசியது சரி, கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்கள் பேசியது தப்பு. இதை நம் பிரசங்கங்களில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்?

"கர்த்தர் கொடுத்தார்" என்பது முதல் அதிகாரம். அடக்க ஆராதனைகளில் அதோடு நிறுத்திவிடுகிறோம். இரண்டு அதிகாரம் தள்ளிப் போனால் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான், அப்புறம் 31ஆம் அதிகாரம் வரை அடங்குவதே இல்லை. தங்கை இப்போது அந்த அதிகாரங்களில் எங்கோ இருக்கிறார்.

இயேசுவும் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்றதற்கும் இல்லை என்றே சொன்னார்.

கேள்விக்குறி

மேலே சொன்னது சரிதான், ஆனால் அக்கா கேட்டதற்கு அது பாதிப் பதில். யார் மேல் தப்பில்லை என்று சொல்லியாயிற்று, ஏன் என்பது இன்னும் அப்படியே நிற்கிறது. நேராகக் கேட்டதால் நேராகவே எழுதுகிறேன்.

பழைய திருச்சபைத் தந்தை அகஸ்தீன், தீமை என்பது தனியாக ஒரு பொருள் இல்லை, நன்மையின் குறைவுதான், மனிதன் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் வந்தது என்றார். கொலைக்கும் போருக்கும் இது பொருந்தலாம். ஒரு குழந்தையின் எலும்பு மஜ்ஜையில் அணுக்கள் தறிகெட்டுப் பெருகுவதில் யாருடைய சுதந்திரம் இருக்கிறது? நம் காலத்தில் அமெரிக்கத் தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா, இயற்கைத் தீமைகள்கூட விழுந்துபோன தூதர்களின் வேலையாக இருக்க வாய்ப்புண்டு என்று வாதிட்டார். தர்க்கத்தில் முரண்பாடு இல்லை என்று காட்ட அவருக்கு அது போதும், பெற்றவளிடம் சொல்ல அதில் ஒன்றுமில்லை. இன்னொரு வழி இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனியுவிடம் தொடங்குகிறது, ஆங்கிலேய இறையியலாளர் ஜான் ஹிக் 1966இல் அதை விரித்து எழுதினார்: இந்த உலகம் சுகமாக வாழக் கட்டிய வீடு இல்லை, ஆன்மா பக்குவப்படும் இடம். பெரியவர்களுக்குச் சரி என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து வயது நிறையாத பிள்ளை எதில் பக்குவப்பட வேண்டும்? பெற்றவர்கள் பக்குவப்படுவதற்காகப் பிள்ளை என்றால் அதை அன்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜெர்மன் தத்துவவாதி லைப்னிஸ் 1710இல், இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று எழுதினார். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள். போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் மக்கள் ஆலயங்களில் கூடியிருந்த காலை நேரத்தில் பூமி நடுங்கியது, கூரைகள் அவர்கள் மேலேயே விழுந்தன, ஏற்றி வைத்த மெழுகுவர்த்திகளும் தீயைப் பரப்பின, தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் பொங்கி வந்து கொண்டுபோனது. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதை வைத்தே அந்தத் தத்துவத்தைச் சாடிக் கவிதை எழுதினார். மலாகிரிதா என்ற இயேசு சபைக் குரு, இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று பிரசங்கித்துக்கொண்டிருந்தார். அக்கா வீட்டு உள்ளறையில் கேட்ட குரல் அன்றும் இருந்திருக்கிறது.

நான் இன்னும் விசுவாசிதான். இருந்தாலும் இந்த வாதங்களில் ஒன்றுகூட முழுசாக நிற்கவில்லை என்பதை மறைக்க மாட்டேன்.

கடலோரத்தான்

நான் கத்தோலிக்கன், நாகப்பட்டினம் பக்கம். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்குத் திருப்பலிக்கு வந்தவர்கள் கடற்கரையில் நின்றபோது அலை வந்தது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். தண்ணீர் கோயிலுக்குள் வரவில்லை, மாதா காப்பாற்றினாள் என்று இன்றும் சொல்வார்கள். உயிர் பிழைத்தவர்கள் சொல்லும்போது நான் மறுத்துப் பேச மாட்டேன், அது அவர்கள் நன்றி. ஆனால் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிள்ளையைக் கைநழுவ விட்ட ஒருத்தி அதே பேச்சைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கையை மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குப் பிறகு "கடவுள் காப்பாற்றினார்" என்பதைச் சபை நடுவில் சத்தமாகச் சொல்ல எனக்கு முடியவில்லை.

நெல்லை_அக்கா

எல்லோருக்கும் நன்றி. 'கேள்விக்குறி' தம்பி எழுதியதைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் நிற்கவில்லை என்ற வரியைக் கேட்டு ரொம்ப நாளைக்கப்புறம் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்று கேட்டாள்: யோபுக்குக் கடைசியில் வேறு பத்துப் பிள்ளைகள் கொடுத்தாரே, அது ஈடாகுமா?

செராம்பூர்_மாணவன்

ஆகாது. 42ஆம் அதிகாரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, பாருங்கள். 7000 ஆடு 14000 ஆனது, 3000 ஒட்டகம் 6000 ஆனது. எல்லாம் இரட்டிப்பு, பிள்ளைகள் மட்டும் அதே பத்து. முதல் பத்துப் பேரும் கடவுளிடத்தில் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்தால்தான் இரட்டிப்பு என்று பழைய வியாக்கியானம் ஒன்று உண்டு. இறந்த பிள்ளைகளைக் கணக்கிலிருந்து அடிக்காத வியாக்கியானம் என்பதால் எனக்கு அதன்மேல் பிடிப்பு.

ஏன் என்பதற்குக் கடவுள் அந்தப் புத்தகத்தில் பதில் சொல்லவே இல்லை. பெருங்காற்றிலிருந்து பேசுகிறார், அவ்வளவுதான். 1943இல் ஹாம்பர்க் நகரத்தைக் குண்டுபோட்டு எரித்தபோது ஜெர்மன் இறையியலாளர் யூர்கன் மோல்ட்மனுக்கு 17 வயது, பக்கத்தில் நின்ற நண்பன் செத்தான், அவர் பிழைத்தார். பின்னாளில் அவர் தம் இறையியலை நிறுத்தியது சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியவரிடம்தான். அந்த ஏனுக்கும் அங்கே பதில் வரவில்லை.

தங்கை வேதத்தைத் தொட ஒத்துக்கொண்டால் சங்கீதம் 88. புலம்பும் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஸ்தோத்திரத்துக்குத் திரும்பிவிடும், இது திரும்பாது, இருட்டிலேயே முடியும்.

நெல்லை_அக்கா

நேற்று ராத்திரி வாசித்தேன். "இதுவும் வேதத்துலயா இருக்கு?" என்று கேட்டு இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். ஆகஸ்டில் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. அழைப்பு அட்டையில் இதிலிருந்து ஒரு வசனம் போட வேண்டும் என்கிறாள். எங்கள் சபை ஐயர் (போதகர்) சம்மதிப்பாரா தெரியவில்லை.

கடலோரத்தான்

ஐயரிடம் சொல்லுங்கள், எங்கள் திருச்சபையில் வெள்ளிக்கிழமை இரவுச் செபத்தில் வாரந்தோறும் சொல்வதே அந்தத் திருப்பாடல்தான்.

செராம்பூர்_மாணவன்

பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் பெரிய வெள்ளி மாலைக்குக் குறித்த சங்கீதங்களிலும் 88 இருக்கிறது, மறுக்க மாட்டார். 13ஆம் வசனத்தில் காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும் என்று இருக்கும், அதை மட்டும் போடலாம் என்பார்கள். 14ஐயும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள் அக்கா, உம்முடைய முகத்தை ஏன் எனக்கு மறைக்கிறீர் என்று கேட்பது அங்கேதான்.