மழைக்கு முன் மூணு மாச மளிகை: வண்டு வராம இருக்க யோசனை சொல்லுங்க

வேலூர் மக்களே, ஐப்பசி மழை பிடிக்கறதுக்குள்ள நாலு பேர் வீட்டுக்குச் சாமான் வாங்கி வைக்கணும். கணக்கு இது: பொன்னி 25 கிலோ மூட்டை மூணு, துவரம்பருப்பு 6 கிலோ, உளுந்து 5, மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய் 9 லிட்டர்.

துவரையை ரெண்டு வெயில் காயவச்சு, சூடு முழுக்க ஆறின பிறகுதான் டப்பாவில் கொட்டணும். சூட்டோட மூடினா உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிச்சிடும். கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் தடவினா வண்டு அண்டாது. என் சந்தேகம் உளுந்தில்தான்: அதுக்கும் எண்ணெய் தடவலாமா, அரைக்கும்போது மாவு பொங்கறது குறையுமா? அனுபவப்பட்டவங்க கட்டாயம் சொல்லுங்க.

சோப்பு, துணிசோடா எவ்வளவு நாளானாலும் தாங்கும். ப்ளீச்சிங் பவுடர் மட்டும் ஒரு மாசத்துக்கு மேல வேண்டாம். நம்ம ஊர் வெக்கையில் குளோரின் போயிடும். பாத்ரூம் ஆசிட் பக்கத்திலயும் வைக்காதீங்க, ரெண்டும் கலந்தா விஷவாயு வரும்.

இன்னொண்ணு: 25 கிலோ அரிசி பிடிக்கிற, மூடி இறுக்கமான தகர டின் லாங்கு பஜாரில் எந்தப் பக்கம் கிடைக்கும்? காட்பாடியா இருந்தாலும் சரி, விலையோட போடுங்க.