வெள்ளைப் பூவின் நிழலுக்கு எந்த நிறம்?

கேள்வி (கடலூர், மஞ்சக்குப்பம்)

இரண்டு ஆண்டுகளாக நீர்வண்ணத்தில் பூக்கள் வரைந்து வருகிறேன். எங்கள் கிணற்றடியில் அம்மா வைத்த நந்தியாவட்டைச் செடி இருக்கிறது. தையல் வேலையால் கண் எரியும் நாட்களில் அதன் பூக்களைத் தண்ணீரில் நனைத்து, மூடிய இமைகளின் மேல் வைத்துக்கொண்டு அவர் திண்ணையில் படுத்திருப்பார். அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. அந்தப் பூவை வரையும்போதெல்லாம் வெளிச்சம் பட்ட இதழ் சரியாக வந்துவிடுகிறது. நிழல் விழுந்த இதழ் மட்டும் அழுக்குத் துணி போல ஆகிவிடுகிறது. கறுப்பைக் கரைத்து நிழல் போடும்படிதான் நான் சென்ற வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். என் துக்கம்தான் இப்படித் தாளில் இறங்குகிறதோ என்றும் தோன்றுகிறது. இந்த இருட்டுக்குப் பொருள் உண்டா, அல்லது இது கைப்பிழைதானா?

மறுமொழி (புதுச்சேரி, முத்தியால்பேட்டை)

முதலில் கறுப்பை எடுத்து வைத்துவிடுங்கள். வெயில் நேராகப் படாத வெள்ளை இதழுக்கு வானத்தின் வெளிச்சம்தான் வந்து சேர்கிறது என்பதால், தெளிந்த காலையில் அந்த நிழலில் மெல்லிய நீலம் இருக்கும். பக்கத்து இலையின் பச்சையும் தரையின் செம்மண் நிறமும் அதில் சிறிது ஏறும். அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தைத் துளி சேர்த்து, தண்ணீர் தாராளமாக விட்டு, ஒரே பூச்சில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பாதி காய்ந்ததை மறுபடி தொட்டால் அழுக்கு வரும். வெளிச்சத்துக்குத் தாளின் வெண்மையே போதும். காலை எட்டு மணிக்குள் உட்காருங்கள். நம் பக்கத்தில் ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 ஆகிய நாட்களை ஒட்டி நண்பகல் சூரியன் உச்சிக்கு நேரே நிற்பதால், நிழல் பூவுக்கடியிலேயே ஒடுங்கிவிடும்.

மறுமொழி (புதுச்சேரி, வில்லியனூர்)

கேள்வியின் மறுபாதிக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் கணவர் நோயில் படுத்திருந்த மாதங்களில் நாகலிங்கப் பூவை வரைந்துகொண்டிருந்தேன். பாம்புப் படம் போலக் கவிந்திருக்கும் பகுதிக்கு அடியில் இருட்டுதான் இருக்கும் என்று கருஞ்சிவப்பை அப்பினேன். என் மனநிலைக்கு அது பொருந்தியும் இருந்தது. ஒரு நாள் உதிர்ந்த பூ ஒன்றை வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்த்தபோது, இதழில் பட்ட ஒளி தெறித்து அந்தக் குடைக்குள் இளஞ்சிவப்பாகப் பரவியிருந்தது. அத்தனை நாளும் பூவைச் சரியாகப் பார்க்காமலே வரைந்திருக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது. பிரெஞ்சு ஓவியர் மோனே, 1879இல் இறந்துபோன மனைவி கமீலின் முகத்தில் மாறிவந்த நிறங்களைத் தம் கண் தானாகத் தேடியதைப் பிற்காலத்தில் வேதனையோடு சொல்லியிருக்கிறார். அன்பு குறைந்ததால் அப்படிப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் துக்கம் படத்தில் வருமோ வராதோ என்று கவலைப்படாமல், அந்த இதழையே பொறுமையாகப் பாருங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். நீலம் இருந்தது, கிணற்றுச் சுவர்ப் பக்கமிருந்த இதழின் ஓரத்தில் லேசான மஞ்சளும் இருந்தது. பிறகு ஒரு பூவை நனைத்துப் பார்த்தேன். ஈரத்தில் இதழ் கண்ணாடி போலாகி, அடியில் என் உள்ளங்கையின் நிறம் தெரிந்தது. அம்மாவின் இமையும் இப்படித்தான் தெரியும். அதை மறந்தே போயிருந்தேன். நாளை நனைந்த பூவை வரையப் போகிறேன். ஈர இதழின் நிழலை எப்படி வைப்பது என்று சொல்வீர்களா?