குறிபார்த்தலும் குறிவைத்தலும்: கைத்துப்பாக்கியின் விளக்குக்கும் லேசருக்கும் தமிழ்ப் பெயர்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கைத்துப்பாக்கியின் குழலுக்கு அடியில் பொருத்தப்படும் விளக்குக்கும் லேசருக்கும் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே நடந்துவரும் உரையாடலை முதலிலிருந்து படித்தேன். இவ்விரண்டையும் தேர்ந்தெடுப்பது பற்றி அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதால், நண்பர்கள் முன்வைத்த சொற்கள் ஒவ்வொன்றையும் என் வாக்கியங்களில் இட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சில சொற்கள் இயல்பாக அமர்ந்தன. சில அழகாக இருந்தும் கருவியின் வேலையைத் தவறாகச் சொல்லின. ஒரு சொல் மட்டும், அப்படியே விட்டால், படிப்பவரின் உயிருக்கே தீங்காகும் என்று தோன்றியது. அதைப் பற்றிக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

விளக்கையும் லேசரையும் சேர்த்து ‘குறிபார்க்கும் ஒளிக்கருவிகள்’ என்று ஒரே தலைப்பில் அடக்கலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டும் ஒரே பெட்டிக்குள் வருவதுண்டு, ஒரே மின்கலத்தில் இயங்குவதுமுண்டு. ஆனால் அவற்றின் வேலை வேறு. எதிரில் நிற்பவர் யார், அவர் கையில் இருப்பது என்ன என்பதை விளக்கு தெரியவைக்கிறது. குழல் எந்த இடத்தை நோக்கி இருக்கிறது என்பதை லேசர் தெரியவைக்கிறது. நள்ளிரவில் கூடத்தில் அசையும் உருவத்தின் மார்பில் லேசரின் புள்ளி துல்லியமாக விழுந்தாலும், அவர் திருடரா, தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மகனா என்பதை அந்தப் புள்ளி சொல்லாது. இரண்டில் ஒன்றை மட்டுமே வாங்க முடியுமானால் விளக்கையே வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. பெயரும் இந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டும்.

விளக்குக்கு ‘போர்த்தந்திர விளக்கு’, ‘தேடு விளக்கு’, ‘ஆயுத விளக்கு’ என மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. முதலாவது, விற்பனையாளர்கள் எல்லாப் பொருளுக்கும் ஒட்டும் ‘டாக்டிக்கல்’ என்ற ஆங்கில அடைமொழியின் மொழிபெயர்ப்பு. அதில் பொருள் ஒன்றும் இல்லை. ‘தேடு விளக்கு’ என்பதை நான் வன்மையாக மறுக்கிறேன். துப்பாக்கியில் பொருத்திய விளக்கு எங்கே ஒளி வீசுகிறதோ அங்கேதான் குழலும் நோக்கியிருக்கிறது. அதைக் கொண்டு தேடுபவர், தாம் தேடும் ஒவ்வொரு மூலையையும், அங்கே படுத்திருக்கும் ஒவ்வொருவரையும் துப்பாக்கி முனையில் நிறுத்துகிறார். அதனால்தான் பயிற்சியாளர்கள், துப்பாக்கியில் விளக்கு இருந்தாலும் கையில் தனியாக ஒரு டார்ச் விளக்கு வைத்திருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். தேடுவது கைவிளக்கின் வேலை. ஆகவே, ‘துப்பாக்கி விளக்கு’ என்ற எளிய சொல்லே போதும் என்பது என் கருத்து. அதில் துப்பாக்கி முதலில் நிற்கிறது. இதை எடுத்து நீட்டுவது துப்பாக்கியை எடுத்து நீட்டுவதுதான் என்பதைச் சொல் மறக்கவிடாது. ‘ஆயுத விளக்கு’ தவறில்லை, ஆனால் ஆயுதம் என்றதும் அரிவாள் முதல் ஏவுகணை வரை நினைவுக்கு வருகிறது.

விளக்கின் அளவைகளுக்குப் புதுச்சொல் தேவையில்லை. பாடநூல்களில் ஏற்கெனவே இருப்பவற்றைப் பயன்படுத்தினால் போதும். லூமென் என்பது ஒளிப்பாயத்தின் அலகு, கேண்டிலா என்பது ஒளிச்செறிவின் அலகு. இரண்டையும் ‘வெளிச்சம்’ என்று ஒரே சொல்லால் எழுதிவிட்டால், வாங்குபவருக்குத் தேவையான வேறுபாடே மறைந்துபோகும். ஷூர்ஃபயர் நிறுவனத்தின் எக்ஸ்300 வரிசையில் ஒரு விளக்கு 1000 லூமெனும் 11,300 கேண்டிலாவும் கொண்டது. அதே வரிசையின் ‘டர்போ’ விளக்கு 650 லூமென் மட்டுமே தருகிறது, ஆனால் அதன் ஒளிச்செறிவு 66,000 கேண்டிலா. கேண்டிலாவைத் தொலைவின் இருபடியால் வகுத்தால் அந்த இடத்தில் விழும் ஒளி லக்ஸ் அளவில் கிடைக்கும். 20 மீட்டரில் முதல் விளக்கு சுமார் 28 லக்ஸ் தர, இரண்டாவது 165 லக்ஸ் தருகிறது. மொத்த ஒளி குறைவாக உள்ள விளக்கே தொலைவில் கூடுதலாகத் தெரியவைக்கிறது. வீட்டுக்குள் நிலைமை வேறு. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் செறிந்த ஒளி பிடித்திருப்பவர் கண்ணையே கூசச் செய்யும். அங்கே நடுவிலிருக்கும் செறிந்த ஒளியைவிட அதைச் சுற்றிப் பரவும் ஒளி அதிகம் பயன்படும். இந்த இரண்டுக்கும் நான் ‘நடுவொளி’, ‘சூழொளி’ என்று எழுதி வருகிறேன். மறுப்பு இருந்தால் தெரிவியுங்கள்.

இனி லேசருக்கு வருகிறேன். ‘சீரொளி’யா ‘லேசரா’ என்ற வழக்கை இங்கே மீண்டும் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்க இயற்பியலாளர் மெய்மன் 1960இல் முதல் லேசர் கருவியை இயக்கிக் காட்டியதிலிருந்து பல பத்தாண்டுகள் கடந்துவிட்டன. கண் மருத்துவமனைக்குப் போகும் பாட்டியும் ‘லேசர் வைத்தார்கள்’ என்றே சொல்கிறார். லேசரே இருக்கட்டும். சிக்கல் அடுத்த பாதியில்தான் இருக்கிறது.

‘லேசர் பார்வைக்கருவி’, ‘லேசர் குறிநோக்கி’ என்று வந்த இரண்டு சொற்களும் ஒரே பிழையைச் செய்கின்றன. பார்வையோ நோக்கோ, கண்ணருகே வைத்து அதன் வழியே காணும் கருவிக்கே பொருந்தும். துப்பாக்கியின் மேலுள்ள பின்குறியின் பள்ளத்தில் முன்குறியின் முள்ளை நிறுத்தி இலக்கைக் காண்பது அத்தகையது. லேசரின் வழியே யாரும் எதையும் காண்பதில்லை. அது இலக்கின் மேல் ஒரு புள்ளியைக் கொண்டுபோய் வைக்கிறது. நாம் புள்ளியை மட்டும் பார்க்கிறோம். துப்பாக்கியை முகத்துக்கு நேராக உயர்த்த முடியாதவரும், கீழே விழுந்து கிடப்பவரும், கிட்டத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கான கண்ணாடியைத் தேட நேரமில்லாதவரும் லேசரை நாடுவது இதனால்தான்.

இந்த வேறுபாட்டைத் தமிழ் வழக்கு முன்பே பிரித்து வைத்திருக்கிறது என்பதை எண்ணியபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி உண்டாயிற்று. நாம் ‘குறிபார்த்துச் சுட்டான்’ என்கிறோம். ‘குறிவைத்துச் சுட்டான்’ என்றும் சொல்கிறோம். அன்றாடப் பேச்சில் இரண்டும் ஒன்றுபோல வழங்கினாலும், சொல்லுக்குள் இருக்கும் வினைகள் வேறு. முன்குறியும் பின்குறியும் குறிபார்க்க உதவுகின்றன. லேசரோ, சொல்லின் நேர்ப்பொருளிலேயே, குறியை இலக்கின் மேல் வைக்கிறது. எனவே ‘லேசர் குறிவைப்பி’ என்று முன்மொழிகிறேன். ‘வைப்பி’ என்பது பிறவினைப் பகுதிபோல ஒலிக்கிறது என்று இலக்கணம் கற்ற நண்பர்கள் சொல்லக்கூடும். ‘இணை’ என்பதிலிருந்து ‘இணைப்பி’ வந்து நிலைத்துவிட்டதைப் போலவே ‘வை’ என்பதிலிருந்து ‘வைப்பி’யும் நிலைக்கும் என்று நம்புகிறேன். ‘குறிகாட்டி’ என்ற மாற்றை நான் விலக்கியதற்குக் காரணம், பொருளியலார் அதை வேறு பொருளில் நெடுங்காலமாகக் கையாள்கிறார்கள் என்பதே. ‘லேசர் சுட்டி’யோ வகுப்பறைத் திரையில் பயன்படுவதற்கு உரிய பெயராகிவிட்டது.

கொத்தனார் நூல் பிடிப்பதை நினைத்து ‘குறிநூல்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். மிக அழகான சொல். அதை விட மனமில்லாமல்தான் விடுகிறேன். தூசியோ புகையோ இல்லாத காற்றில் லேசரின் கதிர் கண்ணுக்குத் தெரிவதில்லை, சென்று விழும் புள்ளி மட்டுமே தெரியும். குழலிலிருந்து ஒளிரும் கோடு நீள்வதைத் திரைப்படங்களில் கண்டு பழகியவர், ‘நூல்’ என்ற பெயரைக் கேட்டு அந்தக் கோட்டை எதிர்பார்த்து வாங்கிவிடுவார்.

நிறத்தைத் தேர்வதற்கு ஒரு காரணத்தை மட்டும் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் 555 நானோமீட்டர் அளவிலுள்ள பச்சையையே மிகக் கூர்மையாக உணர்கிறது. அதனால் ஒரே திறன் கொண்ட இரண்டு லேசர்களில் 520 நானோமீட்டர் பச்சை, 650 நானோமீட்டர் சிவப்பைவிட ஆறு மடங்குக்கும் அதிகமாகப் பொலிவாகத் தெரியும். வீட்டுக்குள், இரவில், சிவப்பே போதுமானது. நிறம் எதுவாயினும் கண்ணுக்குள் படக்கூடாது. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கப்படும் குறிவைப்பிகள் பெரும்பாலும் 5 மில்லிவாட்டுக்கு உட்பட்டவை என்றாலும் அவை விளையாட்டுப் பொருள்கள் அல்ல.

லேசரைத் துப்பாக்கியோடு ஒத்துப்போகச் செய்யும் வேலைக்குச் ‘சுழியாக்கல்’ என்று எழுதப்பட்டிருந்தது. அங்கே எதுவும் சுழியாவதில்லை. ‘ஜீரோயிங்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல் மட்டும் தமிழில் விழுந்திருக்கிறது. ‘நேர்படுத்தல்’ என்பதே தெளிவானது. லேசர், குழலுக்கு 4 சென்டிமீட்டர் கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் புள்ளியும் குண்டும் ஒன்றுசேருமாறு நேர்படுத்தினால், 5 மீட்டரில் குண்டு புள்ளிக்கு 2 சென்டிமீட்டர் மேலே படும். 20 மீட்டரில், குண்டின் இறக்கத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும், புள்ளிக்கு 4 சென்டிமீட்டர் கீழே படும். ஆகவே ‘எத்தனை மீட்டருக்கு நேர்படுத்தியது’ என்ற கேள்வி எப்போதும் உடன்வர வேண்டும்.

விளக்கையும் லேசரையும் துப்பாக்கியில் பொருத்தும் சட்டத்துக்கு, ஆங்கிலத்தின் ‘ரெயில்’ என்பதைப் பின்பற்றித் ‘தண்டவாளம்’ வேண்டாம். குறுக்கே வெட்டுகள் கொண்ட அந்தச் சட்டத்தை நம் தச்சர்களிடம் காட்டினால் ‘காடி எடுத்திருக்கிறது’ என்று உடனே சொல்வார்கள். ‘காடிச்சட்டம்’ என்போம். நியூ ஜெர்சியின் பிக்கட்டினி படைக்கலச் சாலையின் பெயரைத் தாங்கி, 1995இல் அமெரிக்கப் படைத்துறைத் தரமான வடிவில் காடிகளின் அகலம் 5.23 மில்லிமீட்டர். கிளாக் போன்ற துப்பாக்கிகளின் சட்டம் இதிலிருந்து வேறுபட்டு ஒரே காடியோடு இருப்பதால், விளக்கு வாங்கும்போது எந்தக் காடிச்சட்டத்துக்கு உரியது என்று கேட்க வேண்டும். விளக்கைப் பொருத்திய பின் பழைய உறையில் துப்பாக்கி நுழையாது என்பதையும், உறையை விளக்கின் அளவுக்கே வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட ஆபத்தான சொல் ‘விசை’. துப்பாக்கியைச் சுடுவதற்கு விரலால் இழுக்கும் உறுப்பைத் தமிழில் விசை என்கிறோம். மின்விளக்கை எரியவைக்கும் சுவிட்சையும் விசை, அழுத்துவிசை என்றெல்லாம் எழுதுகிறோம். வேறெங்கும் இதனால் குழப்பம் நேர்வதில்லை. துப்பாக்கி விளக்கிலோ இரண்டும் சில சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றன. ‘விளக்கு எரிய விசையை அழுத்தவும்’ என்ற ஒரு வரி, பதற்றத்தில் இருக்கும் ஒருவரிடம் என்ன செய்யக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். இது வெறும் கற்பனை அச்சமன்று. அமெரிக்காவில் காவலர்கள் விளக்கை எரியவைக்கப் போய்ச் சுட்டுவிட்டதாகச் சொன்ன நிகழ்வுகள் வழக்குமன்றம் வரை சென்றிருக்கின்றன. அங்கே சொல் சரியாக இருந்தும் விரல் தவறியது. நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்து அந்தத் தவற்றுக்குத் துணைபோகக் கூடாது.

சுடுவதற்கு உரியதைச் ‘சுடுவிசை’ என்று எப்போதும் முழுமையாக எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள். விளக்கினுடையதற்குப் ‘பொத்தான்’ என்று எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பல துப்பாக்கி விளக்குகளில் அது பொத்தானாக இல்லாமல், கீழே தள்ளினால் தொடர்ந்து எரிவதும் முன்னே தள்ளினால் தள்ளியிருக்கும் வரை மட்டும் எரிவதுமாகிய சிறு நெம்பாக இருக்கிறது. இலங்கைப் பாடநூல்கள் சுவிட்சுக்கு வழங்கும் ‘ஆளி’ என்ற சொல் இங்கே மிகச் சரியாகப் பொருந்துகிறது. அது குறுகியது, விசை என்ற ஒலியின் சாயல் அதில் சிறிதும் இல்லை.

இந்தச் சொற்களைக் கொண்டு என் கட்டுரையின் ஒரு பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன்: “துப்பாக்கி விளக்கின் ஆளியைச் சுடாத கையின் பெருவிரலால் மட்டுமே இயக்குங்கள். சுடும் கையின் ஆள்காட்டி விரல், சுடுவது என்று முடிவு செய்யும் வரை, சுடுவிசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்கு வெளியே நீட்டியபடி இருக்கட்டும். விளக்கால் ஆளை அடையாளம் கண்ட பிறகே குறிவைப்பியின் புள்ளியைப் பாருங்கள்.” தமிழ்நாட்டு வாசகருக்கு ‘ஆளி’ என்றதும் சிங்கமுகத் தூண் சிற்பமோ ஆளிவிதையோ நினைவுக்கு வந்து வாக்கியம் தடுக்குகிறதா, அல்லது இடத்தை வைத்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்பதை இரு நாட்டு நண்பர்களும் படித்துப் பார்த்துச் சொன்னால், கட்டுரையை அதற்கேற்பத் திருத்திக்கொள்வேன்.

அன்புடன்.