பானு முஷ்டாக்கை வாசித்த குழுவில் என்ன பதில் சொல்ல?

வேப்பம்பூ:
நான் இருக்கும் இணைய வாசிப்புக் குழுவில் பெரும்பாலும் அமெரிக்கர்கள், பிரிட்டன்காரர்கள். 2025-இல் சர்வதேச புக்கர் பரிசு வாங்கிய ‘ஹார்ட் லேம்ப்’பைப் போன மாதம் சேர்ந்து வாசித்தோம். பானு முஷ்டாக்கின் 12 கன்னடக் கதைகள், தீபா பாஸ்தி ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. ஒரு மாதமாக இரண்டே பேச்சு. ‘அங்கே பெண்கள் படும் பாட்டைத் தெரிந்துகொண்டேன்’ என்பது ஒன்று. ‘புரியாத சொற்கள், அடிக்குறிப்பே இல்லை, மூன்று நட்சத்திரம்தான்’ என்பது இன்னொன்று. கோபி மஞ்சூரிப் பித்துப் பிடித்த அரபி வாத்தியார் கதை இருக்கிறதே, சிரிக்க வைத்தே வயிற்றைக் கலக்கிவிடுகிறார். அந்தக் கைத்திறனைப் பற்றி ஒருத்தர்கூட ஒரு வரி எழுதவில்லை. சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி நடத்துகிறார்கள், எழுத்தாளர் மாதிரி இல்லை. மனசு ஆறவே இல்லை. எப்படி எடுத்துச் சொல்வது?

கிழக்குவாசல்:
அடிக்குறிப்பும் சாய்வெழுத்தும் இல்லாதது தீபா பாஸ்தி தெரிந்தே எடுத்த முடிவு. மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் காரணமும் சொல்லியிருக்கிறார். முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

பழைய வாசகன்:
தங்கச்சி, நான் பத்தாவது படிக்கும்போது மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்களை நியூ செஞ்சுரி கடையில் சில்லறை சேர்த்து வாங்குவேன். பக்கத்துக்குப் பக்கம் ‘சமோவார்’ என்று வரும். வீட்டில் யாருக்கும் தெரியாது, கேட்கவும் ஆள் இல்லை. கதையில் யாரோ அதிலிருந்து தேநீர் பிடித்தபோதுதான் விளங்கியது. ஒருத்தருக்கே மூன்று பெயர் வேறு. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு வாசித்தேன். புத்தகத்தின் மேல் குறை சொல்லத் தோன்றவே இல்லை. அந்த உழைப்பு வாசகன் தரவேண்டியது. ரஷ்யர்களுக்கு நான் தந்ததை, கர்நாடகத்து ஹாசன்காரரான பானுவுக்கு அவர்களும் தரட்டும்.

நிலா:
நைஜீரிய எழுத்தாளர் சிமமந்தா அடிச்சி 2009-இல் ஓர் உரையில் சொன்னது நினைவுக்கு வருகிறது. அவருடைய நாவலில் ஆப்பிரிக்கத்தனம் இல்லை என்றாராம் ஒரு பேராசிரியர். காரணம், பாத்திரங்கள் படித்தவர்கள், கார் ஓட்டுகிறவர்கள். உங்கள் குழுவும் அந்தப் பேராசிரியரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

வேப்பம்பூ:
அண்ணா, சமோவார் கதையை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிப் போடட்டுமா? கூடவே வாத்தியார் கதையிலிருந்து ஒரே ஒரு பத்தி. இதில் எந்த இடத்தில் சிரித்தீர்கள், எந்த வரியில் சிரிப்பு நின்றது என்று மட்டும் கேட்கப்போகிறேன்.