செஸ்னா 172-இல் எதை முதலில் மாற்றுவது? ஹெட்செட்டில் இரைச்சலும் இருக்கிறது, உதவுங்கள்

கெடிலக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் கடலூர், மஞ்சக்குப்பம். நானும் என் மச்சானும் சேர்ந்து போன வருடம் ஒரு பழைய செஸ்னா 172 எம், நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம், வாங்கினோம். 1975-இல் செய்தது. லைகாமிங் ஓ-320-இ2டி இன்ஜின், 150 குதிரைத்திறன், 14 வோல்ட். புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் நிற்கிறது. ஹேங்கர் இடம் இன்னும் கிடைக்கவில்லை, அதனால் உறை போட்டு வெளியில்தான் கட்டி வைத்திருக்கிறோம்.

இரண்டு வருடத்தில் இருவருமாக 25 லட்சம் செலவு செய்யலாம் என்று முடிவு. மச்சானுக்கு 180 குதிரைத்திறன் இன்ஜின் வேண்டும். மே மாதம் நான்கு பேராக ஏறினால் விமானம் மேலே எழும்பவே யோசிக்கிறது என்கிறார், அது உண்மைதான். எனக்கு டேஷ்போர்டில் இருக்கும் பழைய கைரோக்களை (சுழலும் சக்கரத்தால் சாய்வும் திசையும் காட்டும் கருவிகள்) எடுத்துவிட்டு டிஜிட்டல் திரை போட ஆசை. அடிவானம் காட்டும் கருவி நிமிர்ந்து நிற்க ஐந்து நிமிடம் ஆகிறது, டாக்ஸி பண்ணும்போதே சாய்கிறது.

அவசரப் பிரச்சினை ஒன்று உண்டு. ஹெட்செட்டில் கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம். த்ராட்டில் கூட்டினால் சுருதியும் கூடுகிறது. லாஸ்பேட்டை டவர் பேசுவதை இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கிறது. லேண்டிங் லைட் போட்டால் ஆம்பியர் முள் கழித்தல் பக்கம் போகிறது. ரேடியோ பழசு, அதை மாற்றினால் சரியாகிவிடுமா? அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மூலம் ஒரு புது ரேடியோவுக்கு முன்பணம் கட்டப் போகிறோம். அதற்கு முன் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

முத்தியால்பேட்டை ஒயரிங்:

முன்பணம் கட்டாதீர்கள். இன்ஜின் சுற்றும் வேகத்தோடு சுருதி ஏறுகிறது என்றால் அது பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. புது ரேடியோ போட்டாலும் அதே ரீங்காரம்தான் கேட்கும், இன்னும் தெளிவாக.

செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். தரையில், பிரேக் போட்டு, ரன்-அப் வேகத்தில், அதாவது கிளம்பும் முன் சோதிக்கும் வேகத்தில், இன்ஜினை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாஸ்டர் சுவிட்ச் இரண்டு பாதியாக இருக்கும். அதில் ஆல்டர்னேட்டர் பாதியை மட்டும் அணையுங்கள். சத்தம் அப்படியே நின்றுவிட்டால் குற்றவாளி சார்ஜிங் பக்கம்தான். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் கவசக் கம்பியைப் பார்க்க வேண்டும், அது வேறு கதை.

ஆல்டர்னேட்டருக்குள் ஆறு டையோடு இருக்கும். அதில் ஒன்று போனால் மின்சாரம் வருவது நிற்காது, ஆனால் அலை அலையாக வரும், அளவும் குறையும். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறியும், அதாவது ரீங்காரமும் லைட் போட்டதும் முள் இறங்குவதும், ஒன்றாகச் சேர்வது இதற்குத்தான் பொருந்துகிறது.

அப்புறம் எர்த். இன்ஜின் ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருப்பதால், இன்ஜினுக்கும் உடலுக்கும் இடையே பின்னல் பட்டை ஒன்று உண்டு. கடலோரத்தில் முதலில் சாவது அதன் இரண்டு முனைகள்தான். ஸ்டார்ட்டர் அடிக்கும்போது உங்கள் ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர், பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் கேஸுக்கும் நடுவே மீட்டர் வைக்கட்டும். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

கெடிலக்கரை:

ஞாயிறு காலை ஏஎம்இ சாரோடு போய்ப் பார்த்தோம். ஆல்டர்னேட்டர் பாதியை அணைத்த நொடியில் சத்தம் நின்றது. மச்சான் கை தட்டிவிட்டார். மீட்டர் 0.6 வோல்ட் காட்டியது. பட்டையைக் கழற்றினால் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) பக்கம் அலுமினியம் வெள்ளை மாவாக உதிர்கிறது. அதைவிட மோசம், முன்பு ஒரு பட்டறையில் பெயிண்ட் அடித்தபோது பட்டை உட்காரும் இடத்தைச் சுரண்டாமல் பெயிண்ட் மேலேயே திருகியிருக்கிறார்கள். 1975 விமானம் என்று பயந்தது போக இப்போது வேறு பயம். மற்ற இடங்களில் என்ன இருக்கிறதோ?

கொட்டகை ஏஎம்இ:

தம்பி, அந்த பயம் சரியான பயம். அதை வைத்துக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

லாஸ்பேட்டையிலிருந்து கடல் சில கிலோமீட்டர்தான். கீழைக்காற்று அடிக்கும் மாதங்களில் காலையில் இறக்கையைக் கையால் தடவி நாக்கில் வைத்தால் உப்பு கரிக்கும். நான் இந்த வேலையில் பார்த்த துரு எல்லாம் வெளியே தெரிகிற இடத்தில் இருந்ததில்லை. இறக்கை உடலோடு சேரும் இடங்கள், தரைக் கம்பளத்துக்குக் கீழே, வாலின் அடிப்பகுதியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்ட இடம், கதவுத் தூணின் அடி, இவற்றில்தான் இருக்கும். செஸ்னாவே 100 வரிசை விமானங்களுக்கு வயதான பிறகு பார்க்க வேண்டிய கூடுதல் சோதனைகளை எஸ்ஐடி என்று தனி ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு தரை, கம்பளம், பேனல் எல்லாம் கழற்றி ஒருமுறை பாருங்கள். பார்த்து முடித்ததும் உள்ளே துருத் தடுப்பு எண்ணெய் தெளிக்கச் சொல்லுங்கள். ஏசிஎஃப்-50 போன்றவை பொருத்துகளுக்குள் ஊர்ந்து போகும். திரையை இதற்கு முன்னால் போட்டால், இரண்டாம் முறை எல்லாவற்றையும் கழற்றும் கூலி உங்கள் தலையில்தான்.

கழற்றியிருக்கும்போதே இருக்கைத் தண்டவாளத்தையும் பாருங்கள். அதில் பின் உட்காரும் துளைகள் தேய்ந்து நீள்வட்டமாகும். எழும்பும்போது விமானி இருக்கை பின்னால் வழுக்கி ஓடினால் கை ஸ்டியரிங்கோடு சேர்ந்து பின்னால் இழுக்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். இதற்காக அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ 1987-லேயே கட்டாய உத்தரவு போட்டது, 2011-இல் அதைப் புதுப்பித்தது. உங்கள் தண்டவாளத்தை அளந்தார்களா என்று ரெக்கார்டு புத்தகத்தில் தேடுங்கள்.

கெடிலக்கரை:

சார், புத்தகத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது, அளவு எதுவும் இல்லை. தோள்பட்டை பெல்ட் பற்றியும் கேட்க நினைத்தேன். முன் இருக்கைகளில் மடிப் பெல்ட் மட்டும்தான். மகள் பின்னால் உட்காருவாள்.

கொட்டகை ஏஎம்இ:

அப்படியானால் அளவு எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோள் பெல்ட் நான்கு இருக்கைக்கும் போடுங்கள், இது திரைக்கு முன்னால். 1978 நடுவுக்கு முன் செய்த சின்ன விமானங்களுக்கு அது கட்டாயமாக இருக்கவில்லை, அதனால்தான் உங்களுடையதில் இல்லை. செஸ்னாவின் கூரையில் ஏற்கெனவே பொருத்தும் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

வில்லியனூர் பைலட்:

180 குதிரைத்திறன் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன். நான் இதே 172-இல் பல வருடம் சொல்லிக் கொடுத்தவள்.

புதுச்சேரியில் மே மாத மதியம் 38 டிகிரி. சாதாரணக் கணக்கு, தர நிலையான 15 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி கூட்டுங்கள். கடல் மட்டத்தில் நின்றாலும் விமானம் 2,700 அடி உயரத்தில் நிற்பதாகத்தான் நினைத்துக்கொள்ளும். ஆனாலும் லாஸ்பேட்டை ரன்வே சுமார் 1,500 மீட்டர். 172 எம் கையேட்டில் 15 டிகிரியில் 50 அடி தடையைத் தாண்ட 465 மீட்டர் போதும் என்று இருக்கிறது. வெயிலுக்கும் உங்கள் இன்ஜின் வயதுக்கும் சேர்த்து தாராளமாகக் கூட்டினாலும் இடம் மிச்சம்.

உங்களுக்குத் தடை ரன்வே இல்லை, எடை. மொத்த அனுமதி 1,043 கிலோ. உங்கள் விமானத்தின் வெற்று எடை என்ன என்று புத்தகத்தில் பாருங்கள். 640 என்றால் மிச்சம் 403. டேங்க் நிரப்பினால் பயன்படும் பெட்ரோல் 144 லிட்டர், அதன் எடை நூறு கிலோவைத் தாண்டும். மீதி 300-இல் நான்கு பெரியவர்கள், பைகள்! மச்சானிடம் சொல்லுங்கள், மே மாதம் அரை டேங்கோடு காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் விமானம் எழும்ப யோசிப்பது பாதி போய்விடும். பெரிய இன்ஜின் எடையையும் பெட்ரோலையும் கூட்டும். உங்கள் இன்ஜின் 2,000 மணி நேரத்தை நெருங்கி ஓவர்ஹால் வரும்போது அதைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று. கடலோரம் பறக்கிறீர்கள். விபத்தில் தானாக அபாயச் சைகை அனுப்பும் ஈஎல்டி கருவி பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் வகையாக இருந்தால் 406-க்கு மாறுங்கள். 2009 பிப்ரவரி முதல் செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கேட்பதில்லை. 406 கருவியின் குறியீட்டை பெங்களூரில் இஸ்ரோ நடத்தும் மையத்தில் பதிவு செய்யவும் மறக்காதீர்கள். பதிவு செய்யாத கருவி கத்தும்போது, கத்துவது யார் என்று கண்டுபிடிக்கவே நேரம் போய்விடும்.

முத்தியால்பேட்டை ஒயரிங்:

சரி, இப்போது உங்கள் திரைக்கு வருவோம். ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். சாய்கிற கைரோவோடு மேகத்துக்குப் பக்கத்தில் போவது ஆபத்து. கார்மின் ஜி5 என்ற சின்ன டிஜிட்டல் திரை இரண்டு போட்டால், கைரோக்களைச் சுழற்றும் வேக்யூம் பம்பையே கழற்றிவிட முடியும். உலர் பம்ப் சொல்லிக்கொண்டு போவதில்லை, திடீரென்று உடையும். ஜி5-க்குள் பேட்டரி உண்டு, மின்சாரம் போனாலும் மணிக்கணக்கில் நிற்கும். ஆனால் அதற்குத் திசை சொல்லும் காந்த உணரியை இறக்கை நுனியில் ஸ்ட்ரோப் (மின்னும் விளக்கு) கம்பிக்குப் பக்கத்தில் வைத்தால் திசை ஆடும். முதலில் இடத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

டிரான்ஸ்பாண்டர், அதாவது விமானம் யார், எங்கே என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும் கருவி, வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் 978 மெகாஹெர்ட்ஸில் பேசும் கருவிகள் பழைய விலையில் நிறைய வரும். அது அந்த நாட்டுக்கு மட்டும். நமக்கு 1090-இல் பேசும் மோட் எஸ் தான்.

அங்கே எஸ்டிசி (விமானத்தில் மாற்றம் செய்வதற்கான அனுமதி) இருக்கிறது என்பதால் மட்டும் விடி பதிவு விமானத்தில், அதாவது இந்தியாவில் பதிவான விமானத்தில், போட்டுவிட முடியாது. இந்திய விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ-வின் ஏற்பு, அங்கீகாரம் பெற்ற பட்டறையின் கையெழுத்து, புது எடைச் சமநிலைத் தாள், ரேடியோ மாறினால் ஏரோ மொபைல் லைசென்ஸிலும் அந்தக் கருவி, இவை எல்லாம் தயாரான பிறகுதான் டேஷ்போர்டில் கத்தி வைக்க வேண்டும்.

கெடிலக்கரை:

நேற்று இரவு மச்சானோடு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டோம். ரேடியோ முன்பணம் கட்டவில்லை. ஆல்டர்னேட்டரைத் திறந்ததில் ஒரு டையோடு போயிருந்தது, மாற்றியாகிவிட்டது. பட்டை புதுசு, உலோகம் பளபளக்கும்வரை சுரண்டித் திருகினோம். சத்தம் இல்லை. லேண்டிங் லைட் போட்டாலும் முள் நிமிர்ந்து நிற்கிறது. பழைய ரேடியோவிலேயே டவர் தெளிவாகக் கேட்கிறது.

இந்த வடகிழக்குப் பருவமழை முடியும் வரை பறக்கப்போவதில்லை. 2011-இல் தானே புயலில் கடலூர் பட்ட பாடு கண்ணில் நிற்கிறது, மழைக்காலத்துக்கு உள்ளே வைக்க ஹேங்கரில் இடம் கேட்டிருக்கிறேன். ஜனவரியில் கம்பளம் கழற்றி முழு துருச் சோதனை, தண்டவாளம், நான்கு தோள் பெல்ட், 406 ஈஎல்டி. அதில் என்ன வந்தாலும் முதலில் அதற்கே பணம். மிச்சம் இருந்தால் ஜி5-கள். 180 பேச்சு ஓவர்ஹாலுக்கு.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. இறங்கும்போது பவர் குறைத்ததும் இரண்டு முறை இன்ஜின் கொஞ்சம் தடுமாறியது. புழுக்கமான காலை, 26 டிகிரி. இதுவும் மின்சாரம்தானா?

வில்லியனூர் பைலட்:

இல்லை, அது பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்புரேட்டருக்குள் உறையும் பனியாக இருக்கலாம். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் இருபது, முப்பது டிகிரிகூட இறங்கும், நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வெயில் ஊர் என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. பவர் குறைப்பதற்கு முன் கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குள் சூடான காற்றை விடும் குமிழ்) முழுதாக இழுங்கள், தரை தொடும் வரை விடாதீர்கள். ஜனவரியில் கழற்றும்போது கார்ப் ஹீட் கேபிள் முழு தூரம் போகிறதா, கதவு நன்றாக மூடித் திறக்கிறதா என்று ஏஎம்இ சாரிடம் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்க்கும் வரை தனியாகப் பறக்க வேண்டாம்.