டேடோனாவுக்குப் பெயர் கொடுத்து ஒன்றரை வருஷம்: இனி என்ன செய்வது?

வணக்கம். நான் கேட்பது ரோலக்ஸ் டேடோனா வாட்ச், 2023-இல் வந்த ஸ்டீல் மாடல், வெள்ளை டயல். விற்று லாபம் பார்க்க இல்லை, கையில் கட்டத்தான். அதிகாரப்பூர்வ டீலர் ஒருவரிடம் காத்திருப்புப் பட்டியலுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். முன்பணம் வாங்கவில்லை, ரசீதும் இல்லை. விற்பனையாளர் ஒரு நோட்டில் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். போன மாதம் போனால் அவர் வேலையை விட்டுவிட்டாராம். புதியவர் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, “உங்கள் பெயரே இல்லையே சார்” என்கிறார்.

அப்புறம் பேச்சோடு பேச்சாக, “எங்களிடம் வேறு ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா?” என்றார். புரிந்துவிட்டது, முன்பே அவர்களிடம் வாங்கியவர்களுக்குத்தான் முன்னுரிமை. இது ரேஷன் வரிசை மாதிரி இல்லை, யாருக்குக் கொடுப்பது என்பது அவர்கள் இஷ்டம். பிடிக்காத வாட்சை வாங்கி அலமாரியில் வைக்க எனக்கு மனசில்லை.

வேறு எதுவும் வாங்காமலே டேடோனா கிடைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இரண்டு மூன்று டீலர்களிடம் ஒரே நேரத்தில் பெயர் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா? அடிக்கடி போய்த் தலைகாட்டுவது உதவுமா, எரிச்சல்தான் தருமா? ரோலக்ஸே சான்றளித்து 2 வருட உத்தரவாதத்தோடு பழைய வாட்சுகளை விற்கும் திட்டம் 2022 கடைசியில் வந்ததே, அதில் வாங்கியவர்களும் சொல்லுங்கள்.